ஒரு அரைமணி நேரம் வெளியே இருங்க

மத்தியானம் ரெண்டே முக்கால்... பழைய நெடுஞ்சாலை. அந்தப் பக்கம் புது ரோடு போட்ட பிறகு இதில் பஸ் கிடையாது, லாரி கிடையாது, ஈ காக்கா கிடையாது. வெயிலில் தார் இளகி ஒரு வாசம் வரும். அவ்வளவுதான் நடமாட்டம்.

பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி இல்லையா என்று முறைக்காதீங்க. கரண்ட் போயாச்சு, பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி, புது வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே குள்ளன் நம்ம எட்டுப் பேரையும் தரையில் உட்கார வைத்துவிட்டான். சூழ்நிலை எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கதையில் நடப்பது முழுக்கப் பட்டப்பகலில். நான் என்ன செய்ய? பேயிடம் நேரம் கேட்டு வாங்குகிற அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்லை. எனக்குப் பேய் மேல் நம்பிக்கையும் இல்லை. பேய்களுக்கும் என்னைப் பற்றி அதே அபிப்பிராயம்தான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பாத்ரூம் போகிறவர்கள் இப்பவே போய்விட்டு வந்துவிடுங்க. அப்புறம் நான் போகும்போது துணைக்கு ஒருத்தர் வேண்டும்.

எங்கள் ஆபீஸ் கேஷியருடைய சகலை. வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகர். கேஷியர் சத்தியம் பண்ணிச் சொன்ன கதை. அவர் சம்பள நாளைத் தவிர மற்ற நாளில் பொய் சொல்ல மாட்டார்.

அந்தச் சகலைக்கு ‘அரைமணி’ என்று பட்டப்பெயர். ஏன் என்றால், வீடு பார்க்க ஆள் வரும்போது வீட்டுக்காரர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான். “ஒரு அரைமணி நேரம் வெளியே இருங்க. நான் கூப்பிடறேன்.”

அது அவர் தொழில் விதி. வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் வீடு விற்காது. ஏன் என்று கேட்டால் அவர் ஒரு கதை சொல்வார். ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வீடு. வாங்க வந்தவர் எல்லாம் பார்த்து, பிடித்துப்போய், முன்பணம் கொடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டார். தாசில்தார் பின்னாலேயே வந்து, “மழைக்காலத்துல மட்டும் இந்த மூலையில நடக்காதீங்க, இங்கதான் எங்க அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு” என்றாராம். கை பைக்குள்ளிருந்து வெறுங்கையாக வந்தது.

இதனால் அவரைப் பித்தலாட்டக்காரர் என்று நினைக்க வேண்டாம். சுவரில் விரிசல் இருந்தால் அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைக்க விட மாட்டார். “விரிசலை நானே காட்டுவேன். ஆனா நான் காட்டுற விதம் வேற, நீங்க காட்டுற விதம் வேற” என்பார். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்க மாட்டார். “ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் ஆள். விக்கறவங்களுக்கு நின்னா, அவங்க சொன்ன சொல்லு எனக்குள்ளயே இருக்கும். நான் சொன்ன சொல்லு மாறாது.” நம்ம குள்ளனுக்கு வீடு பிடித்துக் கொடுத்த ஆள் மாதிரி இல்லை. ‘கடற்காற்று வரும்’ என்றானே... எந்தக் கடல் என்று கேட்டாயா நீ?

சரி. பழைய நெடுஞ்சாலையில் ஒரு வீடு. தனி வீடு. எதிரே கைவிட்ட பஸ் நிறுத்தம், தகரக் கூரை, ஒரு சிமென்ட் பெஞ்ச். வீட்டில் ஒரு தையற்காரம்மா. அறுபது தாண்டியவர். கழுத்தில் எப்போதும் அளவு டேப், விரல் நுனியில் ஊசி குத்தாமல் இருக்க மாட்டுகிற சின்ன இரும்புக் குப்பி. அதைக் கழற்றவே மாட்டார். கதவைத் தட்டினாலும் அதால்தான் தட்டுவார். டிக்... டிக்... டிக். மூணு தட்டு.

அரைமணி முதல்நாள் போனபோது வீடு முழுக்க மெஷின் எண்ணெய் வாசமும் சூடாகத் தேய்த்த துணி வாசமும். அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சட்டை யாரு தைச்சது தம்பி?”

“ரெடிமேடும்மா.”

“அதான் பாத்தேன். தோள் எறங்கிக் கெடக்கு. ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கீங்க.” பேசிக்கொண்டே மேஜையில் இருந்த நீலச் சாக்பீஸை எடுத்து இவர் தோளில் சின்னதாக ஒரு கோடு போட்டார். “இங்க வரணும். வீடு விக்கட்டும், உங்களுக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைச்சுத் தர்றேன். நான் சொன்னா செஞ்சிடுவேன். இத்தனை வருஷத்துல சொன்ன தேதிக்குத் துணி குடுக்காதது ஒரே ஒரு நாள்தான். எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு. அதையும் மறுநாள் காலையில குடுத்துட்டேன்.”

ஏன் விற்கிறார்? வேறு ஊரில் ஒரு அக்கா. படுத்த படுக்கை. இவருக்குப் பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இவர்கள் ரெண்டு பேர்தான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா தினம் ரெண்டு தடவை போன் பண்ணும். “வித்துடுச்சா?” அவ்வளவுதான் கேட்கும்.

“எனக்கு அவசரம்னு வாங்க வர்றவங்களுக்குத் தெரிய வேணாம் தம்பி. தெரிஞ்சா அமுக்கிடுவாங்க.”

“அதனாலதாம்மா சொல்றேன். ஆள் வரும்போது நீங்க இருக்கக் கூடாது. ஒரு அரைமணி நேரம் எதிர்ல பஸ் ஸ்டாப்புல இருங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க.”

“சரி.”

“மறந்துகூட வந்துடாதீங்க.”

“அதான் சரின்னேனே தம்பி. நான் என்ன சின்னக் குழந்தையா?”

மூணு நாள் கழித்து, மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு ஆள் வந்தது. பேங்க்கில் வேலை பார்க்கிறவரும் அவர் மனைவியும். முன்ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்ததால் காரைப் பின்சந்தில் நிறுத்தினார்கள். அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. வீட்டுக்கு இருந்தது ஒரே சாவி. அது அரைமணியின் கையில்.

வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. விரிசலைக் காட்டியும் பிடித்துவிட்டது. “பத்திரத்தை இப்பவே வக்கீல்கிட்ட காட்டிடலாமா? சாயங்காலம் நாங்க ஊருக்குப் போறோம்” என்றார் பேங்க்காரர். அரைமணிக்குக் கால் தரையில் இல்லை. முன்கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். பின்கதவைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். பின்சந்தில் நின்ற காரில் ஏறினார்.

வக்கீல் வீடு. அங்கிருந்து இன்னொரு போன், இன்னொரு மனை. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நல்ல காரியம் பண்ணிவிட்ட திருப்தியில் அசந்து தூங்கினார்.

மறுநாள் காலை அவர் மனைவி துவைக்கிறதுக்காகப் பேன்ட் பையைத் துழாவினார்.

“ஏங்க... இது யார் வீட்டுச் சாவி?”

...

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தார். முதுகு நிமிர்ந்து. மடித்த குடை மடியில். முகம் வீட்டைப் பார்த்து. கதவைத் தட்டிய அடையாளம் இல்லை. வாசல் புழுதியில் திரும்பி வந்த செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கூப்பிடுகிற வரைக்கும் வர வேண்டாம் என்றார்கள். கூப்பிடவில்லை. வரவில்லை.

டாக்டர், “ஹார்ட். எங்க இருந்திருந்தாலும் நடந்திருக்கும்” என்றார். டாக்டர்கள் நல்லவர்கள், நமக்காகச் சில சமயம் அப்படிச் சொல்வார்கள்.

கதவைத் திறந்தால் உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா.

அரைமணிதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னார். எப்படி என்று அக்கா கேட்டது. இங்கேதான்... தொழிலில் இறங்கிய நாளிலிருந்து விற்கிறவர்களிடம் ஒரு பொய் சொல்லாத மனுஷன்... “சாயங்காலம் காத்து வாங்க வெளிய வந்து உக்காந்திருந்தாங்க போல” என்றார்.

அக்கா சொன்னது: “அவ அப்படியெல்லாம் உக்கார மாட்டாளே தம்பி. ஆர்டர் துணி கெடக்குமே.”

செய்தி தெரிந்ததும் பேங்க்காரர் வேண்டாம் என்றுவிட்டார். வீடு அக்காவுக்கு வந்தது. “நீங்களே வித்துக் குடுங்க தம்பி. அவ உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா, நல்ல மாதிரின்னு. அது வித்தாத்தான் என்னைப் பாத்துக்க ஒரு ஆள் வெச்சுக்க முடியும்.” அரைமணி கமிஷன் வேண்டாம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்து வீடு பார்க்க வந்தது ஒரு ட்ராயிங் டீச்சர். அதே ரெண்டே முக்கால்தான், அவருக்குப் பள்ளிக்கூடம் அரைநாள். வீட்டுக்காரம்மா இறந்த விஷயத்தை அரைமணி முதலிலேயே சொல்லிவிட்டார். மறைக்க மாட்டார், விதி. டீச்சர் தைரியசாலி. “அதனால என்ன சார், யாரும் சாகாத வீடுன்னு ஏதாவது இருக்கா?” என்றபடி ஜன்னல் பக்கம் போனார்.

டிக்... டிக்... டிக்.

“யாரோ தட்டறாங்க சார்.”

அரைமணி கதவைத் திறந்தார். வெயில். தார் வாசம். ஒருத்தரும் இல்லை.

டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “அட, அந்த அம்மா அதுக்குள்ள திரும்பிப் போயிட்டாங்களே. அதோ, பஸ் ஸ்டாப்புல. நான் வந்ததுலேருந்து இங்கயே பாத்துட்டு இருக்காங்க. இதுல பஸ் வராதுன்னு யாராவது சொல்லக் கூடாதா? பாவம்.”

அரைமணி பார்த்தார். வெறும் பெஞ்ச்.

அவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கப்புறம் வந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். ‘அந்தக் குடை வெச்சிருக்கற அம்மா யாரு?’ ‘அவங்களுக்கு ஏதாவது வேணுமா?’ ஒரு கிழவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டியே போய்விட்டார். திரும்பி வந்து, “வேணாங்கறாங்க. உள்ள ஆள் பாத்து முடிச்சாச்சான்னு மட்டும் கேட்டாங்க” என்றார்.

வீட்டை யாரும் வாங்கவில்லை. அக்கா தினம் ரெண்டு தடவை போன் பண்ணியது. “வித்துடுச்சா?”

ஒரு நாள், யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல், அரைமணி தனியாகப் போனார். ரெண்டே முக்கால். முன்கதவை விரியத் திறந்து வைத்தார். வாசலில் நின்றார். செருமினார்.

“அம்மா... ஆளுங்க போயிட்டாங்க. அன்னைக்கே போயிட்டாங்க. நான்தான் மறந்துட்டேன். என்னை...” மன்னிப்பு கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, கூப்பிடுகிறேன் என்று சொன்னதை மட்டும் செய்தார். “உள்ள வாங்கம்மா.”

ஒன்றும் இல்லை. வெயில்.

அப்புறம்... ‘பட்’ என்று ஒரு சத்தம். குடை விரிகிற சத்தம்.

செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டியது. இளகின தாரில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்... சப்... சப்... படியில் ஏறியது. குடையை மடக்கி உதறியது. மெஷின் எண்ணெய் வாசம் அவர் முகத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஒரு நிமிஷம் அமைதி. பின்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. கட கட கட கட...

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தார். இனிமேல் வீடு விற்றுவிடும், அக்காவுக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

தன் தொழில் விதியை அவரே மறந்துவிட்டார் பாருங்க.

வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால், வீடு விற்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் கல்யாண ஜோடி. பெண் கலகலப்பு, பையன் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்மா.’ கதவில் தட்டுச் சத்தம் இல்லை. பஸ் ஸ்டாப் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ரெண்டு பேரும் பின்னறைக்குப் போனார்கள். அரைமணி முன்னறையிலேயே நின்றார். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. சிரிப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பேச்சு மட்டும்... மெதுவாக... ரெண்டு குரல் இல்லை. மூணு.

இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தார்கள். பெண்ணின் முகம் இறுகியிருந்தது.

“ஏன் சார், வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?”

அரைமணி பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல மனுஷி. வெளிப்படையா எல்லாம் சொல்லிட்டாங்க. விரிசல், ஒழுகற ஓடு, எல்லாம். எங்களுக்கு இந்த வீடு வேணாம் சார். வீட்டைக் குத்தம் சொல்லல. வீடு நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

பெண் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“உங்களைப் பத்தியும் சொன்னாங்க சார். அவங்களை வெளிய உக்கார வெச்சுட்டு நீங்க போயிட்டீங்களாம். அதை அவங்க அக்காகிட்டகூடச் சொல்லலையாம். கோவமாச் சொல்லல சார், சும்மா விரிசலைக் காட்டற மாதிரிதான் சொன்னாங்க...” பெண்ணின் குரல் இறங்கியது. “எங்களுக்குத்தான் மனசு ஒப்பல.”

படியிறங்கும்போது பையன் மட்டும் ஒரு தடவை திரும்பினான்.

“மறந்துட்டேன் சார். நீங்க இனிமே வந்தா உள்ள வர வேணாம்னாங்க. ஆர்டர் ஏதோ இருக்காம். ஒரு அரைமணி நேரம் வெளியே இருக்கச் சொன்னாங்க. அவங்களே கூப்பிடறாங்களாம்.”

அரைமணி ரோட்டைத் தாண்டினார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

கேஷியர் சொல்கிறார், அது நடந்து ஒன்பது மாசம். தினம் ரெண்டே முக்காலுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். தொழில் போய்விட்டது. சாயங்காலம் மனைவி ஆட்டோ வைத்துப் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறார். “எதுக்குங்க இது, வாங்க போலாம்” என்றால், “இன்னும் கூப்பிடலையே” என்கிறாராம். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனைவி எத்தனையோ தடவை போனை அவர் கையில் கொடுத்தார். ஒரு நாள் சம்மதித்து அவரே எண்ணைப் போட்டார். அடித்தது... அடித்தது... யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ‘வித்துடுச்சா’ என்று கேட்க யாரும் கூப்பிடவில்லை. வீடு பூட்டியபடியேதான் இருக்கிறது.

எழுந்திருக்காதே குள்ளா, இன்னும் கொஞ்சம்தான்.

போன மாசத்திலிருந்து அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது மனைவி ஒன்றைக் கவனித்திருக்கிறார். தோளில் நீலமாக ஒரு கோடு. தையற்காரர்கள் போடுகிற சாக்பீஸ் கோடு. பெஞ்சில் பட்டிருக்கும் என்று நினைத்துக் கசக்கித் துவைத்தார். மறுநாளும் இருந்தது. அடுத்த நாள் முதுகில் ஒன்று, கை நீளத்துக்கு ஒன்று. “யாராவது உங்களுக்கு அளவெடுத்தாங்களா?” என்று கேட்டதற்கு அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு சின்னச் சந்தோஷம். “சட்டை தைச்சுத் தர்றேன்னு சொன்னாங்க. அவங்க சொன்னா செஞ்சிடுவாங்க” என்றாராம்.

அந்த மனைவி, அதான் கேஷியரின் மச்சினி, நேற்று போன் பண்ணி அழுதிருக்கிறார். நேற்றைய கோடு காலரில் ஆரம்பித்து, முதுகு முழுக்க இறங்கி, பேன்ட்டில் தொடர்ந்து, செருப்புக் குதிகாலில் போய் முடிந்திருக்கிறது. ஒரே கோடு. நேராக. அவர் தலைமுடியிலும் நீலத்தூள் இருந்ததாம்.

சட்டைக்கு யாரும் தலையிலிருந்து கால் வரைக்கும் அளவெடுக்க மாட்டார்கள்.